சாமான் இறங்கிய வீடு

அந்த ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஏழாம் மாடியில் வந்து நின்று கதவு திறந்தபோது, உள்ளே ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி, அலுப்புத் தீர உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். வெளியே காத்திருந்த கணக்கு ஆபீஸ் பெண்கள் இரண்டு பேரும் அவர் சட்டையில் கிரீஸ் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். சட்டை, மடி, தரை எல்லாம் கறுஞ்சிவப்பு. அவர் நிமிர்ந்து பார்த்து, "இதுல ஏறாதீங்கம்மா. பக்கத்து லிஃப்ட்டுல போங்க, இதைக் கழுவணும்" என்றார். சொல்லி முடித்ததும் கண் செருகிவிட்டது.

வலி ஒன்றும் இருக்கவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். காலையிலிருந்து வயிறு கனமாக இருந்திருக்கிறது. பழுது பார்த்து முடித்த லிஃப்ட்டில் தனியாக ஏறி மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாயில் வெதுவெதுப்பாக ஏதோ நிறைந்தது. துப்பினார். அது நிற்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி ஒன்றில் மெக்கானிக். நாலாம் மாடியில் மனைவியோடும் மகளோடும் குடியிருந்தார். நான் மூன்றாம் மாடி. எங்கள் கட்டடத்துப் பழைய லிஃப்ட்டை அவர் காசு வாங்காமலே பார்த்துக்கொண்டார். லீவு நாளில் பழந்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து கதவோரத்தில் இருக்கும் சின்னக் கண்ணைத் துடைப்பார். கதவு மூடுகிற வழியில் ஆள் நின்றால் கண்டுகொண்டு திறந்துவிடுகிற கண் அது. "இந்த மெஷின்ல மனுசனைப் பார்க்கிறது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எடையைத்தான் பார்க்கும்" என்பார்.

அவருக்கு இன்னொரு வித்தையும் உண்டு. வீட்டுக்குள் படுத்துக்கொண்டே, ஓடுகிற லிஃப்ட்டில் என்ன போகிறது என்று சொல்லிவிடுவார். காலியா, ஒற்றை ஆளா, குடும்பமா, சாமானா என்று மோட்டார் சத்தமே அவருக்குச் சொல்லும். மகளோடு பந்தயம் கட்டி ஜெயிப்பார். ஒரு முறை என்னிடம் சொன்னார்: "ஒரு வீட்டுல ஆள் போயிட்டா எனக்கு லிஃப்ட் சொல்லிடும். யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. முதல்ல கட்டில் இறங்கும், இல்லைன்னா பீரோ. அப்புறம் ஒவ்வொண்ணா இறங்கும். மேல வரும்போது காலியா வரும்." இருபது வருடமாக ஊரார் வீட்டுச் சாமான் இறங்குவதைக் கேட்டவர். அதனால் நானும் தலையாட்டிக்கொண்டேன்.

அவர் குடிக்கிறவர் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நோய் கல்லீரலில் என்றதும் கட்டடத்தில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். எப்போதோ உடம்பில் புகுந்த மஞ்சள் காமாலைக் கிருமி, வெளியே ஒரு சத்தமும் காட்டாமல் உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது. அவ்வளவுதான். அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தை அளந்து ஃப்ரேம் மாட்டிவிடுவார். தன் வீட்டுக்காரரின் கண் வெள்ளை கொஞ்சம் பழுத்திருக்கிறது என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "டாக்டரைப் பாருங்க" என்று பலமுறை சொல்லியும் இருக்கிறார். இவர் வெயில் என்றார், தூசி என்றார், தூக்கமில்லை என்றார்.

ஆம்புலன்ஸ் அவரைப் பக்கத்தில் இருந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. மனைவியும் அவருடைய தம்பியும் போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டரில் முன்பணம் கேட்டார்கள். மைத்துனர் டயர் கடையில் வேலை செய்கிறவர். கையில் இருந்ததைக் கட்டி, கடை முதலாளியிடம் கைமாற்று வாங்கிக் கட்டி, அக்காவின் காதில் கிடந்ததை விற்றுக் கட்டினார். அதற்கு அப்புறம்தான் வாய் வழியாகக் கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

கல்லீரல் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். நிதானமாக எடுத்துச் சொன்னார். கல்லீரல் இறுகிப்போனதால் ரத்தத்துக்குப் போக வழியில்லை, அது உணவுக்குழாய் ஓரத்து நரம்புகளில் தேங்கி அவற்றை ஊத வைத்திருக்கிறது, அதில் ஒன்று வெடித்திருக்கிறது. வெடித்ததன் கழுத்தில் சின்ன ரப்பர் வளையம் போட்டு இறுக்கியாகிவிட்டது. இன்னும் சில முடிச்சுகள் பாக்கி. "ஒரு மாசத்துல திரும்ப வாங்க, மீதியையும் கட்டிடலாம். நீங்களா நடந்து வந்து கட்டிக்கிட்டா ஒரு மாசச் சம்பளத்துல முடியும். ரத்த வாந்தியோட வந்தா ஒரு வருஷச் சம்பளம்" என்றார். பயமுறுத்துவதற்காகச் சொன்னதல்ல. அவர் தினமும் பார்க்கிற கணக்கு அது.

பில் வந்தபோது அது உண்மையாகவே ஒரு வருடச் சம்பளத்தைத் தொட்டிருந்தது. ஐசியூ கட்டிலுக்கு நாள் வாடகை. பாக்கெட் பாக்கெட்டாக ஏற்றிய ரத்தம். நரம்பைச் சுருங்க வைக்க இரவு பகலாகச் சொட்டிய மருந்து. கிருமிக்கு ஊசி. வளையம் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கம்பெனி இன்சூரன்ஸ், பழைய நோய் என்று சொல்லிக் கைவிரித்துவிட்டது.

அவரிடம் பணத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் முடிவானது. மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டால் மறுபடியும் வெடிக்கும் என்று மைத்துனர் எங்கேயோ கேட்டு வந்திருந்தார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பயந்த வீட்டில் காதில் விழுந்ததெல்லாம் சட்டமாகிவிடும்.

அவர் வீடு திரும்பியபோது படுக்கையறைச் சுவரில் ஒரு நீளச் சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய தேக்கு பீரோ நின்ற இடம். "கரையான் அரிச்சிடுச்சு, கொடுத்துட்டோம்" என்றார் மனைவி. தேக்கைக் கரையான் அரிக்குமா என்று அவர் கேட்கவில்லை. உடம்பில் தெம்பில்லை.

அந்த ஒரு மாதத்தில் வீடு மாறிப்போனது. சாப்பாட்டில் உப்பு நின்றது. எதை வாயில் போட்டாலும் வெறும் ஈரமும் சூடும்தான் தெரிந்தன, ருசி என்று ஒன்று இல்லை. அவர் ஹாலுக்குள் வந்தால் மனைவியும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். வந்து பார்க்கிறவர்கள் "எப்படி இருக்காரு?" என்று அவரைத் தாண்டி மனைவியிடம் கேட்டார்கள். வேலைக்குப் போக முடியாததால் பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தார். டாக்டர் வரச் சொன்ன நாள் வந்தது, போனது. கட்டுவதற்கு அந்த ஒரு மாதச் சம்பளம் வீட்டில் இல்லை. வயிறு நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் விடியற்காலையில் இரண்டாம் முறை வெடித்தது. இந்தத் தடவை ரத்தம் மூச்சுக்குழாயிலும் இறங்கியதால் மெஷினில் போட்டார்கள். முதல் பில்லை இரண்டாம் பில் விழுங்கி ஏப்பம் விட்டது. கடன் வாங்கித்தான் அதைக் கட்டினார்கள்.

அதிலிருந்து மீண்டு வந்தபோது அவர் பழைய ஆளாக இல்லை. டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். குடலில் தேங்கிய ரத்தம் விஷமாக மாறும், அதைச் சுத்தம் பண்ணக் கல்லீரலுக்குச் சக்தியில்லை, அது தலைக்கு ஏறினால் ஆள் தடுமாறுவார், பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார், கை உதறும், பேச்சு பிசகும் என்றார். குடலைக் கழுவிவிட இனிப்பான சிரப் ஒன்றைக் கொடுத்து, வேளை தவறக் கூடாது என்றார். குடித்தால் அடிக்கடி கக்கூஸுக்கு ஓட வேண்டும். மனைவி கடைக்கும் மகள் கல்லூரிக்கும் கிளம்பிய பிறகு அவர் அதைத் தொடவில்லை. மூடியில் ஊற்றிச் சாக்கடையில் விட்டார்.

இந்த நாட்களில் அவர் மனதுக்குள் நடந்ததை அவர் பிறகு எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

ஒரு பகல் அரைத் தூக்கத்தில் படுத்திருந்தார். லிஃப்ட் மேலே வந்தது. வரும்போது லேசான சத்தம், காலி. நாலாம் மாடியில் நின்று வெகுநேரம் கதவு மூடவில்லை. பிறகு இறங்கியது, கனமாக. ஆள் கனம் அசையும், சாமான் கனம் அசையாது. இது அசையாத கனம். கொஞ்ச நேரத்தில் மறுபடி காலியாக வந்தது, மறுபடி கனமாக இறங்கியது. நம் மாடியில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தார். எதிர் வீட்டில் இருக்கிற ரிட்டயர்ட் தபால்காரராக இருக்கும் என்று மனதுக்குள் அனுதாபப்பட்டார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தார்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜ் இருந்த மூலை வெறுமையாகக் கிடந்தது. ஹாலில் மகள் படுக்கும் கட்டிலும் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் எதிர் வீட்டுத் தபால்காரர் இருமும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வந்து படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். பெரிய சாமான் இறங்கியாகிவிட்டது, இனி சின்னது இறங்கும். மிக்ஸி இறங்கியது. மேசை இறங்கியது. வீட்டுக்குள் பேசினால் சுவர்கள் திருப்பிப் பேசத் தொடங்கின.

பிறகு அவருடைய பைக்கை வாங்க ஒரு ஆள் வந்தார். லிஃப்ட்காரர் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் மஞ்சள் பூத்த அந்த முகத்தைப் பார்த்ததும் கூச்சத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சாவியைக் கையில் வாங்கி, "நல்லா வெச்சிருந்திருக்காரு" என்றார் மனைவியிடம். லிஃப்ட்காரரின் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இதையும் கொடுத்திடுறீங்களா? இனிமே யாரு எடுக்கப் போறா" என்றார். மனைவி தலையசைத்தார். லிஃப்ட்காரர் தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை சிவந்து, விரல்கள் தாமாகவே உதறிக்கொண்டிருந்தன. அது யாருடைய கை என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

போனது யார் என்ற சந்தேகத்தை முடித்து வைத்தது எங்கள் லிஃப்ட்தான். மறுநாள் காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். வேலை நின்று மாதக்கணக்கு ஆகியிருந்தது, ஆனால் கால்கள் பழைய நேரத்துக்குப் பழகியவை. பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. அவர் எப்போதும் போல வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே நின்று, கதவோரத்துக் கண்ணை எட்டிப் பார்த்தார். கதவு மூட ஆரம்பித்தது. நிற்கும் என்று அவர் நகராமல் இருந்தார். அது நிற்கவில்லை. தோளில் இடித்தது, கொஞ்சம் விலகியது, மறுபடி இடித்தது. ஆளே இல்லாத இடத்தை மூடுவது போல மூடப் பார்த்தது.

அவர் தொழிலில் அது தெரியாத விஷயமில்லை. அவர் படுத்ததிலிருந்து அந்தக் கண்ணை யாரும் துடைக்கவில்லை, தூசி அடைந்துபோயிருந்தது. புத்தி தெளிவாக இருந்திருந்தால் சட்டை நுனியால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டுப் போயிருப்பார். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதனைப் பார்க்கிற ஒரே உறுப்பும் தன்னைப் பார்க்கவில்லை என்று மட்டும் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் நான் மொட்டை மாடிக்குப் போகப் படியேறி வந்தேன். "என்ன அண்ணே, வெளிய கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியுதா?" என்றார். எது என்று எனக்கு விளங்கவில்லை. கதவு பழுதானதைச் சொல்கிறார் என்று நினைத்து, "தெரியுது, தெரியுது. கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்கு" என்றேன். அவர் ரொம்ப மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அந்தத் தலையசைப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகும்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் வீட்டில் விருந்தாளி போல இருந்தார். மெதுவாக நடந்தார். கதவை ஓசைப்படாமல் சாத்தினார். தட்டில் வைத்ததைத் தொட்டுவிட்டு வைத்தார். மகள் படிக்கும்போது அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், அவள் நிமிர்ந்தால் விலகிவிடுவார். "அப்பா ஏம்மா இப்படி நிக்கிறாங்க? எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். ஒரு முறை மனைவி வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு எதிரே, வெயிலில், ரோட்டைத் தாண்டாமல் நின்றிருந்தார். மனைவி ஒரு வாடிக்கையாளருக்கு ஃப்ரேம் மாட்டிவிட்டு, தூரம் பார்க்கச் சொல்லி வெளியே கை காட்டியபோது, காட்டிய திசையில் இவர் நின்றிருந்தார். வெளியே ஓடி வருவதற்குள் நடந்து போய்விட்டார்.

மனைவி கடையில் சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். லிஃப்ட்காரர் ஹால் நடுவில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை, குழப்பமாகவும் தெரியவில்லை. ரொம்ப நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்த ஆளின் முகம்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைச்சுக்காதே."

"கேளுங்க."

"நான் எப்பப் போனேன்? முதல் தடவையா, ரெண்டாம் தடவையா?"

ஆஸ்பத்திரிக்குப் போனதைக் கேட்கிறார் என்று நினைத்து மனைவி பதில் சொன்னார்: "முதல் தடவை மத்தியானம் போனீங்க. ரெண்டாம் தடவை விடியக்காலைல."

அவர் அதை மனதில் வாங்கிக்கொண்டார். "அப்ப ரெண்டு தடவை போயிருக்கேன்" என்றார் மெல்ல. பிறகு வெற்றுச் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்புறம் ஏன் என்னை இன்னும் வீட்டுல வெச்சிருக்கீங்க? சாமானெல்லாம் இறக்கியாச்சே" என்றார்.

இதை எனக்குச் சொன்னவர் அந்த அம்மாதான், என் வீட்டில் உட்கார்ந்து. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாராம். அங்கே உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. ஃப்ரிட்ஜ் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பார்த்துக்கொண்டே நின்றதில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம்தான் அன்றைக்கு அந்த வீட்டைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

திரும்பி வந்து கணவரின் கையைப் பிடித்துத் தூக்கி, படுக்கையறைக்கு இழுத்துப் போனார். சுவரில் வெளுத்த சதுரத்தைக் காட்டினார்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"பீரோ."

"அது உங்க உடம்புக்குள்ள ஓடுது. பாக்கெட் பாக்கெட்டா ஏத்துனாங்களே ரத்தம், அதுதான் அது. கரையான் ஒண்ணும் அரிக்கலை."

பிறகு சமையலறை மூலை. "இங்க?"

"ஃப்ரிட்ஜ்."

"அது உங்க தொண்டைக்குழிக்குக் கீழ இருக்கு. ரப்பர் வளையமா." ஹாலுக்கு இழுத்து வந்தார். "உங்க பொண்ணு கட்டிலைக் கொடுத்துத்தான் ஐசியூ கட்டில்ல ஒரு பொழுது படுத்திருந்தீங்க. வண்டியும் ஸ்பேனர் பெட்டியும் சேர்ந்துதான் உங்களுக்கு மூச்சு விட்டுச்சு. உங்களை மெஷின்ல போட்டது ஞாபகம் இருக்கா?"

அவர் உதறும் கையால் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"போன ஆளுக்கு யாருங்க இவ்வளவு செலவு பண்ணுவா?" என்றார் மனைவி. இதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

அவர் நெடுநேரம் அந்தக் கேள்வியையே யோசித்தார். வேறு எதையும்விட அதுதான் அவர் மூளையில் இறங்கியது போலத் தெரிந்தது. கடைசியில், "பீரோவை அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருப்பானே உன் தம்பி" என்றார்.

மனைவி அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அதன் பிறகு மறைத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதல் பில், இரண்டாம் பில், டயர் கடை முதலாளியின் கைமாற்று, இப்போது காதில் கிடப்பது கவரிங் என்பது. கடைசியாக, டாக்டர் கூப்பிட்ட அந்த நாளில் பணமில்லாமல் கூட்டிப் போகவில்லை என்பதையும் சொன்னார். போயிருந்தால் இரண்டாம் தடவை வந்திருக்காது என்றார். "அன்னைக்கே என்கிட்ட கேட்டிருந்தா வண்டியைக் கொடுத்திருப்பேனே" என்றார் அவர். அதில் வருத்தம்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனார்கள். டாக்டர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பறவை இறகை உதறுவது போல உள்ளங்கைகள் படபடத்தன. சிரப் குடிக்கிறாரா என்று கேட்டார். மனைவி ஆமாம் என்றார், அவர் இல்லை என்றார். டாக்டர் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நோயை அவரிடமே பேசினார். அவரைத் தாண்டி யாரிடமும் பேசவில்லை. தமக்குப் பாதித் தெளிவு அந்த அறையிலேயே வந்துவிட்டது என்று லிஃப்ட்காரர் சொல்வார். மீதி சிரப்பால் வந்தது. ஒரு வாரம் கக்கூஸும் படுக்கையுமாகக் கிடந்தார். தலையிலிருந்து திரை விலகியது போல ஆனது. கல்லீரலின் பேரிலேயே கல் இருக்கிறது, அது கல்லாகப் போனதில் என்ன அதிசயம் என்று மகளிடம் கேலி பேசும் அளவுக்கு வந்தார்.

மீதி முடிச்சுகளைக் கட்ட அந்த டாக்டரே அரசு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பினார். அங்கே செலவு கைக்கு அடங்கியது. கூட்டம்தான் அடங்காது. வரிசையில் நின்று, பெஞ்சில் தூங்கி, கூப்பிட்டபோது போய் வாயைத் திறந்து வளையம் போட்டுக்கொண்டு வந்தார். நரம்பின் அழுத்தத்தைக் குறைக்க மலிவான மாத்திரை ஒன்றும் கொடுத்தார்கள். இவ்வளவு சின்ன விலையில் ஒரு மாத்திரை இருக்கும்போது அவ்வளவு பெரிய பில்லைக் கட்டினோமே என்று மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார்.

கம்பெனி அவரை லிஃப்ட் ஓடும் கிணற்றுக்குள் இறக்க மறுத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஆபீஸில் ஒரு மேசையும் டெலிபோனும் கொடுத்தார்கள். எங்காவது லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால், அந்தப் போன் அவரிடம் வரும். மெக்கானிக் போய்ச் சேரும் வரை அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது வேலை. சம்பளம் குறைவு. ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது போன் ஸ்பீக்கரில் நானே காதால் கேட்டேன். இருட்டுப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெண் நடுங்கும் குரலில், "நீங்க நெசமா ஆளா, இல்லை ரெக்கார்டு பண்ணி வெச்சதா?" என்று கேட்டாள். அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை. பிறகு, "ஆளுதாம்மா. ஏதாவது கேளுங்க, சொல்றேன்" என்றார். அவள் என்ன கேட்டாளோ, அன்று காலையில் தாம் சாப்பிட்ட உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றி அவளுக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குள் பழக்கம் நெருங்கிய பிறகு, அந்த நாட்களில் ரொம்பப் பயந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். "உண்மையைச் சொல்லணும்னா நிம்மதியா இருந்துச்சு. என்னால யாருக்கும் செலவில்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எல்லாம் முடிஞ்ச கணக்கு. இப்பதான் பயம். வயித்துல ஒரு சின்ன கனம் தெரிஞ்சாலும், இன்னைக்கு எதை இறக்குவாங்கன்னுதான் முதல்ல தோணுது." இதைச் சொன்னபோது சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இறுகிப்போன கல்லீரல் திரும்ப இளகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாற்றுக் கல்லீரல் வைக்கும் செலவைப் பற்றி ஒரே ஒரு முறை அந்த வீட்டில் பேச்சு வந்ததாம். இந்தக் கட்டடத்தையே விற்றால் ஆகும், அதற்குக் கட்டடம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அவரே அந்தப் பேச்சை முடித்து வைத்தாராம்.

போன மாதம் மறுபடி குழாய் விட்டுப் பார்க்கும் முறை வந்தது. லீவு போட முடியாததால் மனைவி கூடப் போகவில்லை. அவர் தனியாகப் போய்விட்டு, பஸ்ஸில் திரும்பி, நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். இந்தத் தடவை ரோட்டைத் தாண்டி உள்ளேயே போய் நின்றார். மனைவி ஒரு பெரியவருக்குக் காது பின்னால் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்காமல், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அவர் முதலில் செலவைச் சொன்னார். வளையத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு. பெரியவர் புதுக் கண்ணாடி வழியாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் லிஃப்ட்காரர், புதிதாக ஒன்று ஊதியிருந்தது, கட்டிவிட்டார்கள், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள் என்றார்.